பழைய ராணுவ ஜீப்பை வீட்டிலேயே சரி பண்ணுவது: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் பழைய ஜீப் வைத்திருப்பவர்களும் வாங்கத் துடிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இவை. கேட்டவர் வாயில் வந்தபடியே கேள்வியைப் போட்டிருக்கிறோம். எளியது முன்னால், சிக்கலானது பின்னால். ஒரு தடவை சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணைக் காட்டியிருக்கிறோம்.

1. மிலிட்டரி ஜீப்னா எல்லாம் ஒண்ணுதானே சார்? எதை எடுத்தா வீட்ல வெச்சு வேலை பாக்கலாம்?

ஒன்றல்ல. இங்கே கைக்குக் கிடைப்பவை நான்கு வகை. 1941 முதல் 1945 வரை போருக்காகச் செய்த வில்லிஸ் எம்.பி.யும் அதன் இரட்டையான ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ.வும் முதல் வகை. வில்லிஸ் உரிமத்தில் மஹிந்திரா இங்கே செய்த, பானெட் உயர்ந்த சி.ஜே.3பி இரண்டாவது. ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை நிஸான் பேட்ரோலை வைத்துச் செய்த ஜோங்கா மூன்றாவது. 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸி கடைசி.

முதல் தடவை கை வைப்பவர்களுக்கு சி.ஜே.3பி தான் நல்லது. நாலு சிலிண்டர், திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், பாகங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. ஜோங்காவுக்கு 3,956 சி.சி. ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். செயின் பிளாக்கும் அதைத் தாங்குகிற உத்தரமும் இல்லாத வீட்டில் அதை இறக்கக்கூட முடியாது. ஜிப்ஸிக்கு உதிரிபாகக் கவலை இல்லை, தகரம்தான் கடற்காற்றில் சீக்கிரம் போய்விடும். இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் வில்லிஸ், சி.ஜே.3பி பற்றியே பேசுகிறோம்.

2. ஆர்.சி. இல்ல, ஆனா பாதி விலைக்குத் தர்றாங்க. எடுத்துட்டு அப்புறமா பேப்பர் பண்ணிக்கலாமா?

வேண்டாம். இன்ஜினை லேத்தில் கொடுத்து வாங்கலாம், தகரத்தை வெட்டி ஒட்டலாம், இல்லாத காகிதத்தை எந்தப் பட்டறையிலும் செய்ய முடியாது. ராணுவத்திலிருந்து கழித்த வண்டியானால் ஏலத்தில் எடுத்த தாள், வண்டியை ஒப்படைத்த ஆணை, அதன்பின் யார் பெயரில் பதிவானது என்ற தொடர்ச்சி மூன்றும் இருக்க வேண்டும். ஏலத் தாளில் ‘ஸ்கிராப்’ என்று இருந்தால் அது உதிரிபாகத்துக்கு மட்டும்தான்.

சேஸிஸ் எண்ணை நேரில் பாருங்கள். வயர் பிரஷ் போட்டு, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி மட்டும் கிரைண்டர் போட்ட தடமோ புது வெல்டிங்கோ தெரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

3. பதினஞ்சு வருஷம் ஆன வண்டிய புடுங்கிடுவாங்களாமே? அம்பது வருஷம் ஆனா வேற ரூல்னும் சொல்றாங்க?

15 வருடப் பெட்ரோல் வண்டி ஓடக்கூடாது என்ற கெடுபிடி டெல்லி வட்டாரத்துக்கானது. இங்கே தனியார் வண்டியைத் தகுதி காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். 2023 ஏப்ரல் 1 முதல் வந்த ‘15 வருடம் தாண்டினால் புதுப்பிக்க முடியாது’ என்ற விதி அரசுக்குச் சொந்தமான வண்டிகளுக்கானது.

50 வருடம் தாண்டியதற்கு 2021 ஜூலையில் ‘விண்டேஜ்’ என்று தனி விதி வந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பின்னால் ‘வி.ஏ.’ வரும். ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்டக் கூடாது; கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றிய வண்டி இதில் சேராது. சும்மா கடைத்தெருவுக்கு ஓட்ட வேண்டும் என்பவர் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்துக்கொள்வது மேல்.

4. ஒரிஜினல் மிலிட்டரி பச்சை அடிச்சாத்தானே கெத்து?

கெத்துதான், சட்டப்படி தப்பு. மத்திய மோட்டார் வாகன விதி 121 ஆலிவ் கிரீன் நிறத்தைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு ஒதுக்கிவைத்திருக்கிறது. ராணுவ வண்டி எண்ணில் வரும் மேல்நோக்கிய அம்புக்குறி, படைப்பிரிவுச் சின்னம் இவற்றையும் எழுதாதீர்கள். மணல் நிறம், சாம்பல், கரும்பச்சை என்று ஆர்.சி.யில் ஏறக்கூடிய நிறத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பெயிண்ட் அடித்தபின் ஆய்வாளர் திருப்பி அனுப்பினால் இரண்டு செலவு.

5. நிஜ போர்க்கால வில்லிஸ்னு சொல்றாங்க. எப்படி நம்புறது?

முன் கிரில்லில் ஒன்பது பிளவு இருக்க வேண்டும். பின்னால் வந்த சிவில் சி.ஜே.2ஏ-வில் ஏழு. ஹெட்லைட் கிரில்லுக்கு உள்ளே தள்ளி இருக்கும், அதைத் திருப்பி இன்ஜின் மேல் வெளிச்சம் அடிக்கலாம். பின்பக்கம் திறக்கிற கதவு கிடையாது. ரேடியேட்டருக்குக் கீழே சேஸிஸின் குறுக்குச்சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்த ‘ப’ வடிவமாக இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு தன் போல்ட் தலைகளில்கூட ‘எஃப்’ எழுத்தைக் குத்தியிருக்கும். எண்பது வருடத்தில் பாடி ஒன்று, சேஸிஸ் ஒன்று, இன்ஜின் ஒன்று என்று கலந்த வண்டிகளே அதிகம். அதைக் குறையாகப் பார்க்க வேண்டாம். விலையில் மட்டும் காட்டுங்கள்.

6. எங்க தெரு ஆட்டோவே திரும்பாத தெரு. வீட்டு முன்னாடி இடம் போதுமா?

வில்லிஸ் சுமார் 11 அடி நீளம், 5 அடி 2 அங்குல அகலம். சுற்றி இரண்டரை அடி விட்டால் 16-க்கு 10 அடி. கழற்றிய பாடியை நிறுத்த இன்னும் அதே அளவு இடம் வேண்டும். மாடிப்படிக்குக் கீழே செங்குத்தாக நிறுத்துபவர்களும் உண்டு. இன்ஜின், ஸ்டீயரிங் இணைப்பு, வயர், பாடி போல்ட் எல்லாவற்றையும் விடுவித்தபின் ஆறு பேர் பிடித்தால் பாடி எழும்பும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஹாலோ பிளாக் கல்லையும் முட்டுக் கொடுக்காதீர்கள், சொல்லாமல் நொறுங்கும். தேக்கோ வேலமரமோ கட்டை, அல்லது இரும்பு ஸ்டாண்டு.

7. எதுல ஆரம்பிக்கிறது? இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டா ஒரு தெம்பு வருமே?

எல்லாருக்கும் அந்த ஆசைதான். பாதியில் நின்றுபோகிற வண்டிகளில் பெரும்பாலானவை இன்ஜினில் காசைக் கொட்டிவிட்டு, பிரேக்கும் தகரமும் வந்தபோது கை வறண்டவை. காகிதம், சேஸிஸ், பிரேக், ஸ்டீயரிங், அதற்கப்புறம் இன்ஜினும் கியரும், பிறகு வயரிங், கடைசியில் பெயிண்ட். நிற்கத் தெரிந்த வண்டிதான் ஓட வேண்டும்.

கழற்றும்போது போல்ட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் பை, உள்ளே காகிதத் துண்டு. இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய ஷிம் தகடுகளைக் கம்பியில் கோத்து, எந்தப் பக்கம், மேலா கீழா என்று எழுதுங்கள். கேள்வி 15-ல் இந்த ஷிம்தான் உயிர்.

8. நட்டு அசையவே மாட்டேங்குது. கேஸ் வெச்சு சுட்டுட்டா?

முதலில் எந்தப் பக்கம் சுற்றுகிறீர்கள் என்று பாருங்கள். இடதுபக்கச் சக்கர நட்டுகள் எதிர்மரையாக இருக்கும். போல்ட் முனையில் ‘எல்’ என்று குத்தியிருந்தால் வலஞ்சுழியாகச் சுற்றினால்தான் கழலும். குழாய் மாட்டி ஏறி நின்று போல்ட்டை முறித்துக்கொண்டவர்கள் ஏராளம்.

இரண்டாவது, இவை அங்குல அளவு. 7/16, 1/2, 9/16, 5/8, 3/4 ஸ்பானர்கள் வேண்டும். 13 எம்.எம். ஸ்பானர் 1/2-க்குப் பொருந்துவதுபோலத் தெரியும், இரண்டாவது இழுப்பில் மூலையை உருட்டிவிடும். டீசலும் பழைய ஆயிலும் பாதிப் பாதி கலந்து மூன்று நாள் தினமும் ஊற்றி, சுத்தியலால் தலையில் தட்டி, பிறகு திருப்புங்கள். தீ கடைசி வழி. பெட்ரோல் டேங்க், பிரேக் பைப், ரப்பர் பக்கத்தில் அதுவும் கூடாது. புது போல்ட் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். செம்புதாஸ் தெருவில் மரை பார்த்து எடுத்துத் தருவார்கள். மெட்ரிக் போல்ட்டை முடுக்கி ஏற்றினால் மரை போய்விடும்.

9. தரை பூரா ஓட்டை. மேல ஒரு ஷீட் போட்டு வெல்டிங் வெச்சுட்டா ஆகாதா?

ஆகாது. எண்ணூர் முதல் காசிமேடு வரைக்கும் காற்றிலேயே உப்பு. இரண்டு தகரத்துக்கு நடுவில் உப்பு மாட்டினால் உள்ளிருந்து அரித்துக்கொண்டே வரும், அடுத்த வருட மழைக்குள் புதுத் தகரமும் பொக்கென்று ஆகிவிடும். அழுகியதை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, 18 கேஜ் (1.2 மி.மீ.) தகரத்தை விளிம்போடு விளிம்பு வைத்து ஒட்ட வேண்டும். ஒரே ஓட்டமாக வெல்டிங் இழுத்தால் தகரம் நெளியும். ஒரு அங்குலத்துக்கு ஒரு புள்ளி, எதிரெதிராக, சூடு தணிந்தபின் அடுத்தது.

வில்லிஸின் தரைக்கு அடியில் தொப்பி வடிவத்தில் பட்டைகள் ஓடும். அவற்றுக்குள் மரக்கட்டை வைத்திருந்தார்கள். அந்தக் கட்டை தண்ணீரைக் குடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இரும்பைத் தின்னும். மேலே தரை நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் அடியில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். திரும்பப் போடும்போது கட்டையை விட்டுவிடுங்கள், தண்ணீர் வழிய 6 மி.மீ. துளை விடுங்கள்.

சின்னப் பாகங்களுக்குத் துரு எடுக்க வாஷிங் சோடா போதும். பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம். பேட்டரி சார்ஜரின் நெகட்டிவைப் பாகத்திலும் பாசிட்டிவைப் பழைய இரும்புத் துண்டிலும் மாட்டி, இரண்டும் தொடாமல் இரவு முழுக்க விடுங்கள். பாசிட்டிவில் எவர்சில்வர் போடவே கூடாது, நச்சுக் குரோமியம் கரையும். ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் திறந்த வெளியில் மட்டும். ஸ்பிரிங் பட்டையை இதில் போடாதீர்கள், எஃகு உடையும் தன்மைக்கு வந்துவிடும்.

10. பத்து வருஷமா நின்ன இன்ஜின், சுத்தவே மாட்டேங்குது. தள்ளி கியர்ல விட்டுப் பாக்கலாமா?

பாதி கிராங்க் ஷாஃப்டும் பிஸ்டனும் அப்படித்தான் சாகின்றன. பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் 50 மில்லி டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி நாலைந்து நாள் ஊற விடுங்கள். பிறகு கிராங்க் கைப்பிடியால் இரண்டு பக்கமும் மெதுவாக ஆட்டுங்கள். ஒரு இழை அசைந்தால் போதும், அதையே பெரிதாக்கிக்கொண்டு போகலாம். அசையவில்லை என்றால் ஹெட்டைத் திறங்கள்.

சுற்ற ஆரம்பித்ததும் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றிக் கசடை வழித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றி, கம்ப்ரெஷன் பாருங்கள். போர்க்கால இன்ஜினில் சுமார் 110 பி.எஸ்.ஐ. வர வேண்டும். 70-க்குக் கீழே இறங்கினாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 10-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ திறந்துதான் ஆக வேண்டும்.

11. இன்ஜின் கட்டுறப்ப மெக்கானிக் கையாலயே டைட் வைக்கிறாரு. அளவு சொல்லுங்க.

வில்லிஸ், சி.ஜே.3பி இரண்டு இன்ஜினுக்கும் சிலிண்டர் விட்டம் (போர்) 3.125 அங்குலம், பிஸ்டன் ஓடும் நீளம் (ஸ்ட்ரோக்) 4.375 அங்குலம், சிலிண்டர்கள் தீப்பிடிக்கும் வரிசை (ஃபயரிங் ஆர்டர்) 1-3-4-2. பிளக் இடைவெளி 0.030 அங்குலம், பாயின்ட் 0.020. வால்வுக்கு விடும் டேப்பட் இடைவெளி மட்டும் வேறுபடும்: வில்லிஸில் இரண்டு வால்வுக்கும் 0.014, சி.ஜே.3பி-யில் இன்லெட் 0.018, எக்ஸாஸ்ட் 0.016, எல்லாம் குளிர்ந்த நிலையில். சி.ஜே.3பி-யில் இன்லெட் வால்வு ஹெட்டில் இருப்பதால்தான் இன்ஜின் உயரம், அதனால்தான் பானெட்டும் உயரம்.

டார்க் ரிஞ்சு வாடகைக்காவது எடுங்கள். ஹெட் 60 முதல் 65 அடி-பவுண்டு, மெயின் பேரிங் 65 முதல் 75, சி.ஜே.3பி-யின் கனெக்டிங் ராட் 35 முதல் 45. ஹெட்டை நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக ஏற்றுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டி, முழுதாக ஆறியபின் மறுபடி ஒரு சுற்று பாருங்கள்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மீஞ்சூர் பக்கத்தில் நிலத்தடி நீருக்குள் கடல் ஏறிப் பல வருடமாகிறது. நம் பக்கத்து போர் தண்ணீரிலும் பல தெருவில் உப்புதான். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிப் பாதி. ‘சூடாகுது’ என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது ஊர் வழக்கம். அடைத்திருப்பது ரேடியேட்டர். அதைப் பாருங்கள்.

12. பெட்ரோல் குடிக்குதுன்னு டீசல் இன்ஜின் மாத்திட்டா?

மஹிந்திரா டீசல் ஏற்றிய ஜீப்புகள் நிறைய ஓடுகின்றன. ஆர்.சி.யில் இன்ஜின் எண்ணும் எரிபொருளும் மாறாமல் ஓட்டினால் இன்சூரன்ஸ் க்ளெய்மில் மாட்டுவீர்கள். கேள்வி 3-ல் சொன்ன விண்டேஜ் பதிவும் கைவிட்டுப் போகும். கனமான இன்ஜின் முன் ஸ்பிரிங்கை உட்கார வைக்கும், டீசல் இழுவிசை பழைய கியர் பல்லைச் சோதிக்கும். சீர்செய்வது என்று இறங்கிவிட்டால் பெட்ரோலோடு இருந்துவிடுங்கள் என்பது எங்கள் கட்சி.

13. இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்களே, இந்த இன்ஜின் தாங்குமா?

இன்ஜின் தாங்கும். கம்ப்ரெஷன் ரேஷியோ ஆறரைக்குப் பக்கம்தான், அதனால் விலை கூடின பெட்ரோலும் தேவையில்லை. தாங்காதது ரப்பர். 20 சதவீத எத்தனால் பழைய டயாஃப்ரம், ஹோஸ், கார்பரேட்டர் வாஷர் எல்லாவற்றையும் ஊற வைத்து இளக்கிவிடும். எத்தனால் தாங்கும் விட்டான் ரப்பரில் மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். வண்டி நின்றால் டேங்க் அடியில் தண்ணீர் பிரிந்து துரு பிடிக்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கையும் கார்பரேட்டரையும் வடித்துவிடுங்கள். ஓடும்போது கார்பரேட்டர் பக்கம் படபடவென்று திருப்பி அடித்தால் கலவை மெலிந்திருக்கிறது, மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கலாம்.

காலி டேங்கில் வெல்டிங் வைக்காதீர்கள். காலி டேங்க்தான் வெடிக்கும்.

14. பிரேக் மிதிச்சா தரை வரைக்கும் போகுது. பம்ப் அடிச்சா நிக்குது. ஓட்டலாம்ல?

கூடாது. இந்த வண்டிக்கு ஒற்றைச் சுற்று பிரேக். ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரமும் போச்சு. மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் பாருங்கள். உள்சுவரில் நகம் மாட்டுகிற குழி இருந்தால் புது ரப்பர் போட்டும் பயனில்லை. லேத்தில் எவர்சில்வர் ஸ்லீவ் போட வேண்டும். பைப்பை இரும்பிலேயே புதிதாகப் போடுங்கள். வெறும் செம்புக் குழாய் வளைக்கச் சுலபம், அதிர்வில் விரிசல் விடும்.

காற்று எடுப்பது மாஸ்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து: வலது ஸ்டீயரிங் வண்டியில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. எடுத்தும் பெடல் இறங்கினால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். பழைய லைனிங் தூளை ஏர் வைத்து ஊதாதீர்கள், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடையுங்கள்.

15. நாப்பது தாண்டினா ஸ்டீயரிங் கையைப் புடுங்குற மாதிரி ஆடுது. வீல் பேலன்ஸ் பண்ணியாச்சு.

முன் சக்கரம் இடம் வலம் திரும்புகிற அச்சான கிங்பின்னின் பேரிங்கைப் பாருங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் லொடலொடப்பு தெரியும். மேல், கீழ் மூடிகளில் இருக்கும் ஷிம்மைக் குறைத்து இறுக்க வேண்டும். சீலும் டை ராடும் கழற்றிய நிலையில், சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிளின் கையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தால் 2 முதல் 2½ கிலோவில் திரும்ப வேண்டும். ஷிம் மேலும் கீழும் சமமாக இருக்கட்டும். ஒரே பக்கம் எடுத்தால் உள்ளிருக்கும் ஆக்சில் ஜாயின்ட் நடுவிலிருந்து விலகும்.

பிறகு டை ராட் முனை, ஸ்பிரிங் ஷாக்கிள், ஸ்டீயரிங் பாக்ஸ் என்று வரிசையாக. முன் சக்கரங்கள் முன்புறம் உள்நோக்கிச் சாயும் அளவு (டோ-இன்) 1 முதல் 2 மி.மீ. ஸ்டீயரிங் டேம்பர் மாட்டி ஆட்டத்தை மறைப்பது காய்ச்சலுக்கு விசிறிவிடுவது போல.

16. கியர் பாக்ஸ்ல ஆயில் குறையுது, கீழ ஒரு சொட்டு இல்ல. எங்க போகுது?

பக்கத்து வீட்டுக்கு. கியர் பாக்ஸுக்கும், முன் பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவில் ஷாஃப்ட் வழியாக ஆயில் நகரும். இரண்டின் மூடியையும் திறந்து அளவைச் சமன் செய்யுங்கள். நிறைய நகர்ந்தால் நடு சீல் போயிருக்கிறது. இரண்டுக்கும் எஸ்.ஏ.இ. 90, ஜி.எல்-4 தரம். ‘இன்னும் நல்லது’ என்று கடைக்காரர் ஜி.எல்-5 நீட்டினால் சின்க்ரோவின் பித்தளையை அது தின்னக்கூடும் என்று சொல்லிவிடுங்கள். டிஃபரன்ஷியலுக்கு முன்னும் பின்னும் சுமார் 1.2 லிட்டர்.

17. ஃபோர் வீல் போட்டு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல ஓட்டிப் பாத்தேன், லீவர் திரும்ப வரவே இல்ல!

முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டி இது. வளைவில் முன் சக்கரங்கள் கூடுதல் தூரம் போகும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் வழுக்காது, முறுக்கு உள்ளேயே சேர்ந்து பல்லை இறுக்கிவிடும். நேராகச் சில அடி பின்னால் எடுத்தால் லீவர் விடும். சேறு, மணல், தேங்கிய தண்ணீர் இவற்றில் மட்டும் போடுங்கள். நேராக ஓட்டும்போதும் இறுகினால் டயர் அளவைப் பாருங்கள்: 6.00-16 நான்கும் ஒரே கம்பெனி, ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும்.

18. ஆறு வோல்ட் வண்டி. பன்னெண்டா மாத்துறது தப்பா?

தப்பில்லை. ஆனால் ஆறு வோல்ட் மங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் கேபிள். அதே வாட்டுக்கு இரண்டு மடங்கு கரண்ட் ஓடும்; 12 வோல்ட் வண்டியின் மெல்லிய பேட்டரி கேபிளைப் போட்டிருந்தால் செல்ஃப் முனகத்தான் செய்யும். தடித்த கேபிளும் துருவில்லாத எர்த்தும் கொடுத்துப் பாருங்கள். மாற்றினால் பல்பு, காயில், ஹாரன், கேஜ், டைனமோ எல்லாம் மாற வேண்டும். செல்ஃப் மோட்டாரை விட்டுவைக்கலாம், நீளமாக அடிக்காமல் தொட்டுத் தொட்டு அடிக்க வேண்டும்.

19. 2023 மிக்ஜாம் வெள்ளத்துல முழுகின வண்டி. காஞ்சு போச்சு, ஓட்டலாம்னு சொல்றாங்க.

காய்ந்தது வெளியே. அந்த டிசம்பரில் மணலி, எண்ணூர் பக்கம் வந்தது வெறும் மழைத்தண்ணீர் அல்ல, கச்சா எண்ணெயும் கலந்த தண்ணீர்; எண்ணெயில் ரப்பர் ஊதிப்போகும். செல்ஃப் அடிப்பதற்கு முன் கேள்வி 10-ல் சொன்னபடி பிளக்கைக் கழற்றிக் கையால் சுற்றுங்கள். இன்ஜின், கியர், டிரான்ஸ்ஃபர், இரண்டு டிஃபரன்ஷியல் என்று ஐந்து இடத்திலும் வடிகால் நட்டைத் திறந்து பாருங்கள். மோர் மாதிரி வந்தால் தண்ணீர். வடித்து, மலிவு ஆயில் ஊற்றிச் சில கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடித்து, அதன்பின் நல்ல ஆயில். சக்கர பேரிங், முன் நக்கிள், பிரேக் ஹோஸ் அனைத்தும் திறந்தாக வேண்டும். இந்த வேலைக்கான காசைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

20. பெயிண்ட் அடிச்ச ஆறு மாசத்துல கொப்புளம் கொப்புளமா வந்துடுச்சு. பெயிண்ட் டூப்ளிகேட்டா?

அடியில் உப்பு இருந்திருக்கும். பிளாஸ்ட் அடித்த இரும்பு வெள்ளையாகத் தெரிந்தாலும் குழிகளில் உப்பு தங்கும். நல்ல தண்ணீரால் கழுவி, உடனே ஏர் அடித்துக் காயவைத்து, சில மணி நேரத்துக்குள் எபாக்சி பிரைமர் அடிக்க வேண்டும். இரவு வெறும் இரும்பாக விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். பட்டியைப் பிரைமருக்கு மேல் போடுங்கள், வெறும் தகரத்தில் போட்டால் அது ஈரம் குடிக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் பெயிண்ட் வேலை வைக்காதீர்கள். மாசி, பங்குனி நல்லது, அதுவும் காலை பத்து மணிக்குமேல் பனி ஈரம் போனபின். சேஸிஸின் உள்பக்கத்துக்கு மெழுகு கலந்த துருத்தடுப்பை நீளக் குழாய் வைத்து அடியுங்கள், மழைக்கு முன் வருடம் ஒரு தடவை. தார்ப்பாயால் இறுக்கி மூடி வைக்காதீர்கள். உள்ளே வியர்த்து, வெளியில் நிற்பதைவிடச் சீக்கிரம் துரு பிடிக்கும். மேலே கூரை, நான்கு பக்கமும் காற்று, வாரம் ஒரு நாள் பத்து கிலோமீட்டர் ஓட்டம்.